வேடியப்பன் கல்லில் கடல் அட்டை

என் மாமனார் மாரப்பனைப் புளுகன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயாடி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுகிற மனுஷன். புளுகன் மட்டும் இல்லை.

காவேரிக் கரையில் இருந்த அவர்கள் நிலம் மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறியபோது முழுகிப் போனது. வேறு ஆளாயிருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவர், "மூச்சப் புடிச்சு முங்கத் தெரிஞ்சவனுக்குத் தண்ணி இருக்கற எடமெல்லாம் சோறுதான்" என்று தெற்கே கடற்கரையில் இருக்கிற மண்டபம் என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஏழெட்டு வருஷம் கடலில் முங்கிக் கடல் அட்டை எடுத்தார். அதை வேகவைத்து, மணலில் புதைத்து, தேய்த்துக் காயவைத்து, சீனர்கள் சமைத்துச் சாப்பிடுவதற்காகச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றுவார்கள். நாற்பத்திரண்டில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அட்டையை வாங்க ஆளில்லாமல் இவர் அதியமான்கோட்டையில் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் அதே ஊர்க்காரர் தீர்த்தனின் மகள் சென்னம்மாளைப் பிடித்துப் போயிற்று. அவளுக்கும் இவரைப் பிடித்திருந்தது. தீர்த்தனும் பாதி சம்மதம் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்பாரா?

களத்தில் கேழ்வரகு அடிக்கும்போது ஆரம்பித்தார். கடலடியில் வெள்ளரிக்காய் பருமனில் ஒரு பிராணியாம். கண் கிடையாது, எலும்பு கிடையாது. மணலுக்குள் புதைந்து கிடக்கும். மணலைத் தின்று, அதிலுள்ள அழுக்கை எடுத்துக்கொண்டு, சுத்த மணலைக் கயிறு கயிறாகப் பின்னால் விடும்.

"மூச்சு விடறதும் பின்னாலதானுங்க" என்றார்.

களமே உருண்டு சிரித்தது. அதோடு விட்டாரா? "அழுத்திப் புடிச்சா கொடலக் கக்கிப் போடும். அப்பறம் புதுக் கொடல வளத்துக்கும்" என்றும் சொல்லிவைத்தார்.

தீர்த்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மணலத் திங்கற கதய இவன் புளுகலாம், எம் பொண்ணு சோத்தத் திங்கறவ. இவன் நாளைக்கி அவகிட்ட என்னத்த நெசம் பேசுவான்? வர்ற வெள்ளிக்கெழம வேடியப்பன் கல்லு மேல கைய வெச்சுச் சொல்லட்டும். இல்லேன்னா பொண்ணு கெடையாது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேடியப்பன் எங்கள் பக்கத்துச் சாமி. வயல் ஓரத்தில் வில்லோடு நிற்கும் வீரன் கல். அதில் சூடம் ஏற்றிவிட்டால், ஆடு திருடியவன்கூடக் கை வைத்துப் பொய் சொல்லமாட்டான். வம்சம் விளங்காது என்று பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே கூடிவிட்டது. மாரப்பன் குளித்துவிட்டு வந்து, நெஞ்சை நிமிர்த்திக் கல்லின் மேல் கை வைத்தார். தீர்த்தன் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கண்ணு கெடையாதா?"

"கெடையாதுங்க."

"மணலத் திங்குமா?"

"திங்குமுங்க. அறுத்துப் பாத்திருக்கேன், வவுறு பூரா மணலு."

"மூச்சு?"

"பின்னாலதானுங்க. தொட்டித் தண்ணில போட்டு வெச்சா, அந்த ஓட்ட தெறந்து தெறந்து மூடும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குடல் கக்குவதைக் கேட்டபோதும் ஆமாம் என்றார், கை கல்லை விட்டு அசையவில்லை.

"புதுக் கொடலு வளத்துக்குமா?"

இதற்கும் ஆமாம் என்றால் முடிந்தது, சென்னம்மாள் அவருக்குத்தான். பெண்கள் கூட்டத்தில் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாரப்பன் அவளைப் பார்த்தார். பிறகு கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டான்டா!" என்று கூட்டம் கத்தியது.

"அத நான் பாக்கலீங்க" என்றார். "கொடலக் கக்குனத நாங்க தண்ணிலயே உட்ருவோம். அது பொழச்சு வளத்துக்கும்னு கூட முங்கற பெரியவரு சொன்னாரு. நம்புனேன், இப்பவும் நம்பறேன். அதுக்காவ, பாக்காதத பாத்தேன்னு கைய வெக்கமாட்டேன். பொண்ணு இல்லீன்னா இல்லீங்க." இந்த வார்த்தைகளை மாமியார் இன்றும் மாறாமல் சொல்லுவார்.

தீர்த்தன் கூட்டத்தைக் கையமர்த்தினார்.

"பொண்ணுக்காவக் கைய வெக்கறவன் ஊருக்கு நூறு பேரு இருப்பான்" என்றார். "எடுக்கறவன் எங்கடா இருக்கான்?"

பிறகு பெண்சாதி பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? ஓடு, வூட்ல போயி வெத்தல பாக்குத் தட்ட எடுத்தா."