நாற்காலியில் மீன் கூடை

என் சித்தி முத்தம்மா கல்மண்டபம் சாலையோரத்தில் மீன் விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குப் பெரிய வியாபாரம். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஞாயிறு ஒன்பது மணிக்கே கடையைப் பக்கத்துக் கடை ஜன்னத்திடம் விட்டுவிட்டு, ஒரு காலிக் கூடையோடு காலடிப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

சித்தப்பா ரகுபதி விசைப்படகு டிரைவர். தடைக்கு முந்தைய கடைசி நடையில் போதையில் படகைத் துறைமுகச் சுவரில் இடித்துவிட்டார். படகின் ஓனர் சுப்புராஜ் சத்தம் போடவில்லை. தடை முடிவதற்குள் குடியை விட்டால் ஸ்டியரிங் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறுபத்தோரு நாள் கெடு.

மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியிருந்த நேரம் அது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது முகவரியில் கட்டடமே இல்லை. மூன்றாவதை எடுத்தவர், காலடிப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடி, ஞாயிறு பத்து மணி, ஒயின்ஷாப் வரைக்கும் வந்து யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள் என்றார்.

சித்தப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "அது வரிக்கும் நான் கரீக்டா போய்ட்வேன். அதுக்கு அப்பால போறதுதான் பேஜாரு."

சொன்னபடியே நடந்தது. முதல் ஞாயிறு எங்களோடு பஸ்ஸில் வந்தவர், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கிக் காணாமல் போனார். சித்தி திரும்பவில்லை. மாடி ஏறினாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். காலியாக இருந்த ஒன்றில் தன் கூடையை வைத்தாள்.

துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்கும் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். கூடையை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கூடை இருக்கும் இடத்தில் ஆள் இருக்கிறாள் என்று கணக்கு. யாரும் நகர்த்த மாட்டார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஞானதுரை, மளிகைக்கடை அண்ணாச்சி, குடியை விட்டு எட்டு வருஷம். குடும்பத்துப் பெண்களுக்குப் புதன்கிழமை தனிக் கூட்டம் இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கு இன்னாத்துக்கு கூட்டம்? நானா குடிக்கிறேன்? அவருக்கு எடம் போட்டு வச்சிகினு கீறேன்."

"அவரு வரணும்லாம்மா."

"வருவாரு. எடம் இல்லன்னு திரும்பிப் போய்டக் கூடாதில்ல."

பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் மனம்விட்டுப் பேச முடியாது என்று சிலர் முனகினார்கள். கடைசியில் கூடை இருக்கட்டும், அம்மா வெளியே இருக்கட்டும் என்று முடிவானது. சித்தி படிக்கட்டில் உட்கார்ந்தாள். மீன் வாடை தாங்காமல் ஒருவர் ஜன்னலைத் திறந்தார். மணலி ரசாயன ஆலைகள் பக்கத்துக் காற்று உள்ளே வந்ததும் அவரே மூடினார்.

அப்படியே ஏழு ஞாயிறு. இது மீன் ஏலம் இல்லை சித்தி, ஆள் போகாமல் ஒன்றும் நடக்காது என்று நான் சண்டை போட்டேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போதெல்லாம் சித்தப்பா வாசலில் நின்று கேட்பார்: "இன்னாமே, கூடை குடிய வுட்ருச்சா?"

எட்டாவது ஞாயிறு மட்டும் அவர் கேட்கவில்லை. மறுநாள் தடை முடிகிறது. வேறொரு டிரைவர் படகைப் பார்க்க வந்து போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடிக்காத காலை என்பதால் கை நடுங்க, சட்டைப் பட்டனைச் சித்தியிடம் போட்டுவிடச் சொல்லி, எங்களோடு கிளம்பினார். ஒயின்ஷாப்பைத் தாண்டினார். மாடி ஏறினார். நானும் சித்தியும் படியில் நின்று பார்த்தோம்.

அன்று நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. புதிதாக வந்த ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சித்தி முன்னால் போய் வைத்துவிட்டு வந்த கூடைக்கு மட்டும் தனி நாற்காலி. அண்ணாச்சி அதைத் தொட யாரையும் விடவில்லை.

சித்தப்பா கூடையை எடுத்தார். நின்றவரைப் பார்த்து, "நீ குந்து நைனா," என்றார். கூடையோடு கீழே வந்துவிட்டார்.

"எடம் இல்லாத ஒர்த்தன் நின்னுகினு கீறான். பாவமா இல்ல?"

சித்தி அவர் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினாள். படகு வேறு டிரைவரோடு கடலுக்குப் போனது.

அடுத்த ஞாயிறு அவள் பஸ் ஏறவில்லை. கூடை நிறையச் சங்கரா மீனோடு கல்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் பை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு என் போன் அடித்தது. அண்ணாச்சி.

"கூடையக் காணலியேம்மா. சேரு அப்படியே கெடக்கு."

சித்தியிடம் சொன்னேன்.

"கூடைக்கு இன்னிக்கி யாவாரம் கீதுன்னு சொல்லு. ஆளு வூட்லதான் கீறாரு. அவரு நம்பரக் குடு."

கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி போன் வந்தது. சித்தப்பா எடுக்கவில்லையாம்.

சித்தி செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

"திரும்பப் பண்ணச் சொல்லு," என்றாள்.