பிரியாத உயிரணுவில் புதிய ஹிஸ்டோன்

பிரசவ விடுப்பு முடிந்து ஆய்வகம் திரும்பியதும் வந்த முதல் முடிவே என்னைப் பயமுறுத்தியது. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன், உயிரணு இரண்டாகப் பிரியும் சமயத்தில்தான் பெரும்பாலும் புதிதாகச் சேரும். நான் வளர்த்த நரம்பணுக்கள் பிரிவதே இல்லை. ஆனாலும் அவற்றில் புதிய ஹிஸ்டோன் இருந்தது.

“பிரியுற செல்லு ஏதோ சேம்பிள்ல கலந்துருச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்ங்க லா,” என்றாள் சக மாணவி.

போட மனம் வரவில்லை. எச்3.3 என்னும் மாற்று ஹிஸ்டோன் வகையை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதமான ஆண்டிபாடியால் சோதித்தேன். அந்த வகை இருப்பதைக் காட்டும் பட்டை, சோதனைப் படத்தில் கறுப்பாக விழுந்தது. உயிரணு பிரியக் காத்திராமல், பழைய ஹிஸ்டோன் கழன்ற இடத்தில் சேர்ந்துகொள்ளும் வகை அது.

“சரியாத்தான்மா புடிச்சிருக்க. மீட்டிங்ல நீயே சொல்லு,” என்றார் பேராசிரியர்.

ஃபெரிப் படகில் வீடு திரும்பும்போது, கைப்பேசியில் மகளின் படங்களைத் தள்ளிவிட்டு அந்தப் பட்டையின் படத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.