குடுக்கைக்குக் கீழே துலுக்கானம்

கொரட்டூர் ஏரியின் மதகு என்றால் கரைமேல் நின்று சக்கரத்தைத் திருப்புகிற மதகு அல்ல. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் நடுவே ஏரியின் தரையில் ஒரு துளை, துளைக்கு ஒரு மரத் தக்கை. தக்கையை எடுத்தால் வயலுக்குத் தண்ணீர் போகும், வைத்தால் நிற்கும். எடுக்கவும் வைக்கவும், இடையில் வந்து சிக்கும் பாசியையும் வேரையும் பிடுங்கிப் போடவும் ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகிற ஆள் துலுக்கானம். கரையில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள்.

கயிறு பிடிப்பது மச்சான் வேலை என்பது துலுக்கானத்தின் குடும்பத்து வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. வேம்புலியம்மாளின் அண்ணன் நல்லவன்தான், தங்கைமேல் உயிரை வைத்திருந்தவன்தான். ஆனால் ஒருநாள் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிவிட்டு பீடி பற்றவைத்தான். அன்றைக்கே அவள் போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் ஒருமுறை இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று சேதி, அவளும் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்வாள்.

கயிறு தவிர, துலுக்கானத்தின் இடுப்பிலிருந்து மெல்லிய நூல்கயிறு ஒன்று மேலே வரும். அதன் முனையில் காய்ந்த சுரைக்குடுக்கை. குடுக்கை ஆடுகிற இடத்துக்குக் கீழே துலுக்கானம் இருக்கிறான் என்று அர்த்தம். வலை போடுகிறவர்கள், பரிசல்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். குடுக்கையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். இதற்கெல்லாம் யாரும் சட்டம் போடவில்லை, சண்டையும் போட்டதில்லை.

அப்புறம் ஹிட்லர் சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. பட்டாளத்துக்குக் காய்கறி, கறி எல்லாம் சப்ளை செய்த கண்ட்ராக்டர் கங்காதரன், துரைமார்களைக் குஷிப்படுத்த எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டார் படகை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஏரியில் இறக்கினார். ஊரில் மண்ணெண்ணெய்க்கு மனிதர்கள் நாயாய் அலைந்த காலம் அது. அந்தப் படகு பெட்ரோலைக் குடித்துக்கொண்டு வாத்துச் சுடப் போய்வந்தது. வாத்துக்களோ மதகை ஒட்டிய கோரைப் புல்லில்தான் மேயும்.

படகை ஓட்டியவன் மணவாளன். அம்பத்தூர்க்காரன். மரியாதை தெரிந்தவன், பக்திமான், ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறை. துரை பேசினால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துரைமார்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே அவன் முன்னால் பார்த்ததே கிடையாது.

மார்கழியில் ஒரு காலை, துலுக்கானம் உள்ளே இருந்தபோது ஒரு துரை குடுக்கையைச் சுட்டார். குடுக்கை சில்லுச் சில்லாகப் பறந்தது. துலுக்கானம் நூல்கயிற்றில் தொங்கிய ஒரு சில்லுடன் மேலே வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். வாத்து என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள் என்றாள் வேம்புலியம்மாள். என்னையா என்று கேட்டான். இல்லை, குடுக்கையை என்றாள். அவன் சற்று யோசித்துவிட்டு, வேலை பாக்கி இருந்ததால் மறுபடி உள்ளே போனான்.

அவளால் அப்படி விட முடியவில்லை. நேரே கங்காதரனிடம் போய் நியாயம் கேட்டாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏரி இம்மாம் பெருசா கீதே, உன் புருசனுக்கு முழுவ அந்த எடம்தான் கெடச்சுதா?" என்று கேட்டார். மதகு அங்கேதான் இருக்கிறது என்றாள். பாட்டன் பூட்டன் காலத்து மதகை வேறு இடத்துக்கு நகர்த்த முடியுமா என்று தான் விசாரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே விசாரிக்கிற முகத்தோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவளே ஒரு யோசனை பண்ணினாள். குடுக்கையின் நிறம்தானே தொல்லை? புதுக் குடுக்கைக்கு மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்து, கழுத்தில் வேப்பிலை கட்டினாள். இதைப் பார்த்து எந்தக் கபோதியும் வாத்து என்று சொல்ல முடியாது. உண்மைதான், யாரும் வாத்து என்று சொல்லவில்லை.

மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையுமாகத் தண்ணீரில் ஒன்று மிதந்து வந்தால் நம்மூர்க்காரன் என்ன நினைப்பான்? அதை அவள் யோசிக்கத் தவறிவிட்டாள். மணவாளன் அன்றைக்கென்று பார்த்து முன்னால் திரும்பினான். ஆத்தா மிதந்து வந்திருக்கிறாள் என்று மெய்சிலிர்த்துப்போனான். துரையிடம் ஒரு நிமிஷம் உத்தரவு வாங்கிக்கொண்டு, கும்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று படகை நேராகக் குடுக்கையின்மேல் விட்டான். இரண்டு கையையும் கூப்பியிருந்ததால் மோட்டாரை நிறுத்தக் கை இல்லை.

கரையில் வேம்புலியம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். மோட்டார் சத்தத்தில் அவள் சாமி வந்து ஆடுகிறாள் என்றே மணவாளன் நினைத்திருக்க வேண்டும். படகுக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம். கயிறு அவள் கையில் வெட்டி இழுத்தது, பிறகு துவண்டுபோனது. இழுத்தாள், இழுத்தாள், கை தோல் உரிய இழுத்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் துலுக்கானம் தலை தூக்கினான். இடது தோள்பட்டையில் சதை பிளந்து தொங்கியது. படகு அதற்குள் கோரையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

காயம் ஆறக்கூட இல்லை, தை பிறந்தது. பயிர் பால் பிடிக்கிற நேரம், தக்கையோ பாதி எடுத்தபடி சிக்கிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்று தோளைப் பார்த்தார்கள். போக வேண்டாம் என்று அவள் அழுதாள். நான் போகாட்டி யார் போவாங்க என்று கேட்டுவிட்டு அவன் கோவணத்தைத் தேடினான். அவன் சொன்னது நிஜம் என்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

அன்று சாயங்காலம் அவள் சுடுகாட்டுப் பாதைக்குப் போனாள். பாடையை இறக்கித் திருப்பி வைக்கிற இடம் வரைக்கும்தான் போனாள், பெண்பிள்ளை அதைத் தாண்டக் கூடாது. அங்கே ஓரத்தில் கிடந்த ஒரு பாடை மூங்கிலை எடுத்தாள். ஒரு முழம் வெள்ளைத் துணியும் கிடந்தது. தாலி கட்டிய கழுத்தோடு அதைக் கையால் தொடக் கூடாதுதான், தொட்டாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு பெரிய குடுக்கையில் மூங்கிலைச் செருகி, நிமிர்ந்து நிற்க அடியில் கல்லைக் கட்டி, உச்சியில் அந்தத் துணியைப் பறக்கவிட்டாள். துலுக்கானம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எனக்கா?" என்று கேட்டான். "உனக்குத்தான்" என்றாள்.

மறுநாள் மோட்டார் படகு வந்தது. துணியைக் கண்டதும் பாதி ஏரியிலேயே திரும்பியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பரிசல்காரர்கள்கூட எதிர்க்கரையை ஒட்டிப் போனார்கள். துலுக்கானம் நிம்மதியாக முழுகித் தக்கையை எடுத்தான்.

மூன்றாவது நாள் மத்தியானம் மணவாளன் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் சாமந்தி மாலை. கண் வீங்கியிருந்தது. அன்றைக்குப் படகின் அடியில் டொக்கென்று கேட்டதும், அதற்கப்புறம் அதே இடத்தில் பாடைத் துணி பறந்ததும் அவன் மனசில் ஒன்றுசேர்ந்துவிட்டன. பாவி நான் கொன்றுவிட்டேன் என்று விம்மிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். துலுக்கானம் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

மணவாளன் வாய் திறந்தபடி நின்றான். பிறகு அழுகையும் சிரிப்புமாக, இதை இப்போதே போய்க் கண்ட்ராக்டரிடம் சொல்கிறேன், அங்கே எல்லாரும் அவன் செத்த பேச்சாகவே இருக்கிறார்கள், இனி கவலை இல்லை, படகை எப்போதும்போல ஓட்டலாம் என்று கிளம்பினான். வேம்புலியம்மாள் எழுந்து வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணாத்தே, ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. எங்க ஊட்டுக்காரு செத்துட்டாருன்னே இருக்கட்டும். உசுரோட கீறாருன்னு சொன்னப்போ யாரு ஒதுங்கிப் போனீங்கோ?"

மணவாளன் துலுக்கானத்தைப் பார்த்தான். துலுக்கானம் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொல்வதும் சரிதான் என்றான்.

வந்தவன் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஏரியில் பாடை மூங்கிலில் வெள்ளைத் துணிக்குக் கீழே சாமந்தி மாலை ஆடியது. தூரத்தில் மோட்டார் படகு மெதுவாகப் போயிற்று. பின்னால் துரை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், மணவாளன் திரும்பாமல் பதில் சொன்னான். வேம்புலியம்மாள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து துலுக்கானம் ஒருமுறை இழுத்தான், அவளும் ஒருமுறை இழுத்தாள்.