ரிலேக்குள் சொருகிய அட்டை

கம்பேரேட்டர் சிப்புக்கு ஒரே வேலைதான். இரண்டு காலில் வரும் வோல்டேஜில் எது கூட என்று சொல்ல வேண்டும். ஒரு காலில் நாம் வைத்த அளவு மாறாமல் நிற்கும். இன்னொன்றில் கரண்ட் லைனில் வருவதன் சிறு பங்கு. லைனில் வருவது கூடுதலாக இருந்தால் டிரான்சிஸ்டரின் பேஸுக்குத் துளி கரண்ட் போகும். டிரான்சிஸ்டர் வழிவிட்டு ரிலே என்கிற சுவிட்சை இழுக்க வைக்கும், அதில் மாட்டிய தறி ஓடும். குறைந்தால் வழியை அடைக்கும், தறி நிற்கும். இதையெல்லாம் பழைய போர்டுகளைப் பிரித்துப் போட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

என் ரிப்பேர் கடைக்குப் பின்தெருவில் ஒரு அக்கா வீட்டுக்குள்ளேயே பவர்லூம் ஓட்டுகிறார். சங்கரன்கோவிலில் சாயங்காலம் எல்லாத் தறியும் ஓடும்போது அந்தத் தெருவில் வோல்டேஜ் இறங்கும். அதில் அவர் மோட்டார் ஒருமுறை கருகியது. காயிலைப் புதிதாகக் கட்டி மாட்டினார். இன்னொரு தடவை கருகினால் தறியை எடைக்குப் போட வேண்டியதுதான் என்றார். அதற்காகத்தான் இந்தச் சிப்பை வைத்து, வோல்டேஜ் இறங்கினால் தறியை நிறுத்துகிற ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தேன்.

போன வாரம் கடையை அடைக்கிற நேரத்துக்கு வந்து நின்றார். நாள் முழுக்கக் குனிந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"தம்பி, மோட்டார் கை வைக்க முடியாமக் கொதிக்கி."

"பெட்டி கட் பண்ணலையா?"

"அது எங்க கட் பண்ணும்? அதான் வாயை அடைச்சு வச்சிருக்கேன்லா."

அவர் வீட்டுக்குப் போய் மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். நூல் சுற்றி வரும் அட்டையைக் கிழித்து மடித்து, ரிலே பிடியை விடாதபடி உள்ளே சொருகியிருந்தார்.

"என்னக்கா இது?"

"வெத்தலை இடிக்க மாதிரி டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கு. ஒவ்வொரு டொக்குக்கும் சேலையில ஒரு கோடு விழுது. கோடு விழுந்ததை யாவாரி தூக்கி எறிவாரு. ஒன்னைய எறிவாரா, என்னையத்தான எறிவாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. தறி ஓடினால் மோட்டார் இழுக்கிற இழுப்பில் வோல்டேஜ் இறங்கும், டிரான்சிஸ்டர் அடைக்கும். தறி நின்றதும் வோல்டேஜ் ஏறும், உடனே திறக்கும். சிப்பு வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதுதான் வினை.

அட்டையை உருவிவிட்டு, சிப்பின் அவுட்புட்டிலிருந்து லைன் வருகிற காலுக்கே ஒரு ரெசிஸ்டரை இழுத்து ஈயத்தால் பற்றவைத்தேன். இனி ஒரு அளவில் நிறுத்தினால், அதைவிட நன்றாக மேலே ஏறினால்தான் மறுபடி திறக்கும். நடுவில் ஆடுகிற ஆட்டத்துக்கு அசையாது.

மோட்டார் ஆறியதும் தறியைப் போட்டார். கொஞ்ச நேரம் ஓடியது. டொக்கென்று நின்றது. நின்றது நின்றதுதான்.

"மோட்டார் பொழச்சுட்டுக்கா," என்றேன்.

"அது பொழச்சுட்டு. நான் சாயங்காலம் பூரா கையைக் கட்டிக்கிட்டு உக்காரவா?"

வோல்டேஜை என்னால் கொண்டுவர முடியாது. அவரே மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடு தணிந்துதான் இருந்தது.

"சரி, காலையில வெள்ளென எந்திரிச்சு ஓட்டிக்கிடுதேன். அப்ப ஊரு தூங்கும். நீ போ, ஒனக்கும் மூஞ்சி தொங்கிப்போச்சு."

அட்டையை அடுப்பங்கரைப் பக்கம் எறிந்துவிட்டு அரிசி களையப் போனார்.