தலையில் சாளையும் சர்டிபிகேட்டும்

எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலம். நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்வோமா, மலையாளத்தோடேயே இருப்போமா என்று யாருக்கும் தெரியாது. பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் எங்கள் வீடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

அன்று காலை பத்து மணிக்கு நெய்யாற்றின்கரையில் ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். பத்துக்கு மேல் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று எனக்கு வந்த அழைப்புக் கார்டிலேயே எழுதியிருந்தது. அது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் எனக்குக் கல்யாண நிச்சயம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு என்னைவிட இருபது வயது கூடுதல். ஆள் நல்லவர்தானாம். நல்லவர் என்றால் இருபது வயது குறைந்துவிடுமா?

பாறசாலை சந்திப்பில் ஏழு மணிக்கே போய் நின்றேன். எட்டு தாண்டியும் பஸ் வரவில்லை. தெற்கே எங்கோ மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கு வண்டி ஓடாது என்று ஒருவர் சொன்னார். நெய்யாற்றின்கரைக்கு ஏழு மைல் இருக்கும். நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சர்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஓட ஆரம்பித்தேன்.

அங்கேதான் நான் செய்த மடத்தனம். அந்த நாட்களில் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் ரோட்டில் ஓடமாட்டார்கள். ஒருவர் ஓடினால் எங்கோ போலீஸ் வெடி வைத்துவிட்டது, ஆட்களைச் சுட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் நரைமீசை கண்ணில் வந்து நின்றதால் எல்லாம் மறந்துபோயிற்று. உதியன்குளங்கரையை நெருங்கும்போது பார்த்தால், நான் கடந்துபோகிற ஒவ்வொரு கடையும் பலகை போட்டு மூடுகிறது. ஒரு டீக்கடைக்காரர் பாய்லரில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, "எங்கயாக்கும் வெடிவைப்பு?" என்று கேட்டபடி என் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். எதிரே தூரத்தில் வந்த ஒரு போலீஸ் வண்டி வேகத்தைக் குறைத்தது.

அப்போதுதான் பக்கத்து ஊடுவழியிலிருந்து கடற்கரைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக ரோட்டில் ஏறினார்கள். தலையில் ஓலையால் முடைந்த மீன் கடவம், வாயில் வெற்றிலை, ஓட்டமும் நடையுமாக அவர்களுக்கே உரிய ஒரு போக்கு. முன்னால் வந்தவர் என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தார். என் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தார். அவர் கடவத்தின் மேல் கவிழ்த்திருந்த சின்னக் கடவத்தை எடுத்து, அதில் நாலு கை சாளையைப் போட்டார். சர்டிபிகேட்டைத் தேக்கிலையில் சுற்றி மீனுக்கு மேலே செருகினார். ஒரு சும்மாட்டை வைத்து அவ்வளவையும் என் தலையில் ஏற்றிவிட்டார்.

"வெறுங்கையோட ஓடுனா ஊரே பேடிச்சு நடுங்கும் பிள்ளே. மீனோட ஓடுனா ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ," என்றார்.

சொன்னது போலவே நடந்தது. போலீஸ் வண்டி எங்களைக் கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதோடு சரி. பின்னால் வந்த டீக்கடைக்காரர் என்னைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வெட்கத்தையும் பயத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. தென்னை நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழுந்தன. மீன்தண்ணீர் காதோரம் சொட்டி, கழுத்தில் இறங்கி, வியர்வையோடு கலந்தது. எல்லோருடைய காலும் ஒரே நேரத்தில் மண்ணில் பட்டது. எல்லோருடைய மூச்சும் ஒரே மூச்சாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் கால் எது, அவர்கள் கால் எது என்று தெரியவில்லை. ரோடுதான் எங்களுக்குக் கீழே மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அமரவிளைப் பாலத்தில் ஆற்றுக்காற்று பட்டதும் அந்த மயக்கம் கலைந்தது. கால் வலியும் விலா வலியும் சேர்ந்து வந்தன. இனி ஓரடிகூட முடியாது, நரைமீசை என்றால் நரைமீசை, நடப்பது நடக்கட்டும் என்று தோன்றிவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம் உண்டு அக்கா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கொஞ்சம் கழித்து முன்னால் போனவர் திரும்பாமலே சொன்னார்: "தூரத்தைக் கேக்கப்பிடாது மக்கா. அடுத்த கல்லு எங்கன்னு மட்டும் கேளு."

அவர் சொன்ன கல் சுமைதாங்கி. அந்த ரோட்டில் அங்கங்கே உண்டு. அதில் கடவத்தை இறக்கி, பத்து மூச்சு விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நானும் அடுத்த கல்லை மட்டும் கேட்டேன். அந்தா அந்த ஆலமரத்தடியில் என்றார்கள். ஆலமரம் வந்தது. அதற்கு அடுத்தது கோயில் மதில் பக்கம் என்றார்கள். மதிலும் வந்தது. அப்படியே நெய்யாற்றின்கரையும் வந்துவிட்டது.

அவர்கள் சந்தைக்குத் திரும்பினார்கள். நான் நேரே ஓடினேன். வாசல் கதவைச் சாத்தப்போன குமாஸ்தா, இங்கே மீன் வேண்டாம், அப்பால் போ என்று விரட்டியபோதுதான் கடவம் இன்னும் என் தலையில் இருப்பது தெரிந்தது. அதை இறக்கி, சாளைக்கு மேலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். அதை அவர் வாங்கிய விதத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். எனக்கு இடம் கிடைத்தது. ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் காகிதத்தில் லேசாக மீன் வாடை இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

மத்தியானம் கடவத்தைத் திருப்பிக் கொடுக்கச் சந்தைக்குப் போனேன். மற்ற மீன்காரிகள் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். இவர்கள் மட்டும் வாடிய மீனை முன்னால் வைத்துக்கொண்டு ஈ விரட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஓடியவர் நிமிர்ந்து, "கிட்டிச்சா?" என்று கேட்டார். கிட்டியது என்றேன். வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார். போராட்டத்தால் வியாபாரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

சில வருஷம் கழித்து அமரவிளைப் பக்கம் ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. எல்லை போட்டாயிற்று, நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். ஒருநாள் காலை மீன்காரிகளின் வரிசை போவதைப் பார்த்து, என் அக்கா இருக்கிறாரா என்று பார்க்கக் கூடவே ஓடினேன். முப்பது அடி ஓடுவதற்குள் வரிசை வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது. மூச்சு வாங்க ரோட்டில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய ஓட்டம் இதுதான். அன்றைக்கு அவர்களோடு நான் ஓடவில்லை. எனக்காக அவர்கள் அத்தனை பேரும், தலையில் மீன் கெட்டுக்கொண்டிருக்க, மெதுவாக ஓடியிருக்கிறார்கள். நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரர் இறந்துபோனபின் மூன்று பிள்ளைகளோடு தனியாக நின்ற வருஷங்களில் எத்தனையோ காலை எழுந்திருக்க மனமில்லாமல் படுத்திருக்கிறேன். அப்போதெல்லாம், எனக்காக வேகத்தைக் குறைத்த அந்தக் கால்களை நினைத்து, இன்றைக்குரிய கல் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். இந்த வயதிலும் அப்படித்தான் எழுகிறேன்.