தலைக்கவசம் கழற்றாத கணினிக்காரர்

மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். எங்கள் தீவு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் தரும் கணினியோ, கடவுச்சொல் கொடுத்து ஒரு மணி நேரமாகியும் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்த கணினிக்காரர், தலைக்கவசத்தைக் கழற்றாமலே தன் மடிக்கணினியில் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் கணினியில் வேலைசெய்யும் எழுதுவினைஞர் அம்மா முகப்புத்திரையில் சேர்த்துவைத்த வெளிநாட்டுக் கலியாண வீடியோக்கள் எல்லாம் யாழ்ப்பாணத்திலுள்ள சேவர் என்ற தலைமைக் கணினியிலிருந்து தினமும் கடல்தாண்டி வந்திறங்கிய பிறகே கணினி திறக்குமாம்.

“எல்லாத்தையும் அழியும் தம்பி, நாலு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிப்போடுவினம்,” என்றேன்.

“கேளாமல் அழிக்க ஏலாது அண்ணை,” என்றவர் எழுதுவினைஞரிடம் திரும்பினார். “அக்கா, இந்தத் தாலிகட்டு வேணுமே?”

“ஓம், அது கனடாத் தங்கச்சியின்ரை.”

இப்படிப் பதினேழு கலியாணங்களையும் ஒவ்வொன்றாய் விசாரித்த பிறகே அவற்றை முகப்புத்திரையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றினார்.

பூட்ட ஐந்து நிமிடம் இருக்கையில் சான்றிதழ் கிடைத்தது. இவ்வளவு மரியாதை தெரிந்த ஒருவரை அடிக்கவேண்டும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.