மாரீஸ்வரியின் கட்டைவிரல்

ஜெயபாண்டி சாருக்கு மாரீஸ்வரி அக்காவைப் பிடிக்காது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். சூப்பர்வைசர் முன்னால் தலையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. நானும் அவளும் அங்கே சைடர் வேலை பார்க்கிறோம். நீளமான மிஷினில் நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். எங்காவது இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். சொல்வதற்கு லேசு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்னபடி கேட்டால்தான் இழை ஒட்டும். அக்கா சேத்தூர்க்காரி. புருஷன் இறந்த பிறகு பதினேழு வருஷமாக இந்த இரண்டு விரல்களை வைத்தே மகளைக் காலேஜ் வரை கொண்டுவந்துவிட்டாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு சேத்தூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. அக்காவுக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, வலி விடவில்லை. காலையில் எழுந்தால் பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்காது. படி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது. அதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள். மூன்றாவது வாரம் வலது கட்டைவிரலுக்குக் கீழே சதை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அதற்குத்தான் பயந்தாள்.

மில் வேனில் எனக்குக் காட்டினாள்.

"ஏட்டி ஹெப்சிபா, இங்க பாரு. நான் ஒண்ணும் பண்ணல. அதுவா ஆடுது."

தோலுக்கு அடியில் ஏதோ குதித்தது. நான் உடனே போனை எடுத்துத் தேடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, சதை துடித்தால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு வருஷத்தில் படுக்கைதான் என்றான். படுபாவி. அன்றிலிருந்து அக்கா தூங்கவில்லை. தூக்கமில்லாத அலுப்புக்கு நாளைக்கு ஆறு டீ குடித்தாள். கெண்டைக்கால் துடித்தது, கண் இமை துடித்தது.

மில்லில் வாய் திறக்க முடியாது. கை சரியில்லை என்று தெரிந்தால் வேஸ்ட் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளும் இடம் அது. அங்கே போன யாரும் மிஷினுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. தூசியில் இருமி இருமி, இரண்டு மாதத்தில் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிடுவார்கள்.

அதனால் அக்கா மறைத்தாள். எங்கள் மில்லில் விரலுக்கு வெட்டோ வீக்கமோ எது வந்தாலும் நூலைத்தான் சுற்றுவோம், பஞ்சமில்லாமல் கிடைப்பது அதுதானே. அக்காவும் முறுக்கு நூலை எடுத்துக் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். கேட்டவர்களிடம் வெட்டு என்றாள். துடிப்பு வெளியே தெரியவில்லை. வீட்டுக்குப் போயும் அவிழ்க்கவில்லை. நான்காம் நாள் விரல் மரத்துப்போனது. குண்டூசியால் குத்திப் பார்த்திருக்கிறாள், உறைக்கவில்லை.

"முடிஞ்சுதுட்டி," என்றாள் என்னிடம். "அந்த ஆளு சொன்ன மாதிரியே நரம்பு செத்துப்போச்சு."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

ராஜபாளையம் ஆஸ்பத்திரி வேண்டாம், மில்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றாள். வார லீவன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். டாக்டர் ஃபரீதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையைப் பார்த்ததும் அவர் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இந்தக் கட்டை யாரும்மா போட்டது?"

"நான்தான்."

கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். நூல் இருந்த இடமெல்லாம் சிவப்பாகப் பள்ளம். செத்த நேரம் அப்படியே உட்காரச் சொன்னார். விரலில் எறும்பு ஊர்கிறது என்றாள் அக்கா. பிறகு சுள்ளென்று வலிக்கிறது என்றாள்.

"மரத்துப்போனது நோயால இல்லம்மா, உங்க நூலால. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலே போயிருக்கும்," என்றார் டாக்டர்.

அப்புறம் காய்ச்சல், துடிப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் விரல்களைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். கையிலும் காலிலும் பலம் குறையவில்லை, சதை மெலியவில்லை, இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு துடிப்பு சிலருக்கு வருவதுதான், அலுப்பும் தூக்கமின்மையும் டீயும் அதைக் கூட்டும் என்றார். மூட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கலாம். பிடி தளர்ந்தாலோ சதை வற்றினாலோ உடனே வர வேண்டும். இரண்டு மாதத்துக்குப் பாதி வேலைதான் கொடுக்க வேண்டும் என்று சீட்டும் எழுதினார்.

அக்கா அங்கேயே உடைந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. "வலிக்குதுன்னு சொல்லப் பயந்து விரலையே தொலைக்கப் பாத்தேனே! இனி எவனுக்கும் மறைக்க மாட்டேன்."

மறுநாள் ஷிப்ட் தொடங்கி மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும், எங்கள் பிரிவின் வாசலில் வைத்து ஜெயபாண்டி சாரிடம் சீட்டை நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்கு ஒருத்திக்காக ஆளை மாத்த முடியுமா? வேற யாருக்கும் இந்த நோவு இல்லயே. நீ வேஸ்ட் ரூமுக்குப் போ."

"வேற யாருக்கும் இல்லயா?" என்றாள் அக்கா.

நேரே உள்ளே நடந்து மிஷின்களுக்கு நடுவே நின்றாள். நானும் சாரும் பின்னாலேயே போனோம். அந்த இரைச்சலில் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். மற்றபடி சைகைதான் எங்கள் பேச்சு. அக்கா புறங்கையை நெற்றியில் வைத்தாள், காய்ச்சல். விரல் மூட்டுகளைத் தேய்த்து முகத்தைச் சுளித்தாள், வலி. பிறகு எங்களை ஒவ்வொருத்தியாகச் சுட்டிக் காட்டி, உனக்கு என்று கேட்டாள்.

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்திருந்தது. அக்காவிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கினேன்.

எதிர்ப்பக்கம் பொன்மணி தூக்கினாள். அவளுக்கு அடுத்தவள், அதற்கும் அடுத்தவள். பரிபூரணத்துக்குத் தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கினாள். பதினான்கு பேரில் ஒன்பது கைகள் மேலே நின்றன.

அக்கா ஜெயபாண்டி சாரின் காதருகே போய், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"எல்லாரையும் வேஸ்ட் ரூமுக்கு அனுப்புங்க சார். மிஷின நீங்க ஓட்டுங்க."

அதற்குள் இழைகள் அங்கங்கே அறுந்து பஞ்சு பறக்கத் தொடங்கியிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார். நாங்களும் அவர் கண்ணைப் பார்த்தோம். அக்கா மறுபடி நீட்டிய சீட்டில் அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும் வரை ஒருத்தியும் ஒட்டப் போகவில்லை.